'இன்ஃபார்மல்' என்று சொன்னால் என்ன செய்ய வேண்டும்? புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புது வேலையில் சேர்ந்த முதல் சில வாரங்களில் 'இன்ஃபார்மல்' என்ற சொல் நாலா பக்கத்திலிருந்தும் காதில் விழும். "இது இன்ஃபார்மல் மீட்டிங்தான், வாங்க." "டிரஸ் இன்ஃபார்மலா இருந்தா போதும்." "மெயில் ரொம்ப விறைப்பா இருக்கு, கொஞ்சம் இன்ஃபார்மலா எழுதுங்க." "அவர்கிட்ட இன்ஃபார்மலா ஒரு வார்த்தை சொல்லி வைங்க." அகராதியைப் புரட்டினால் 'முறைசாராத' என்று பொருள் கிடைக்கும். சரியான பொருள்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டு நாளைக்கு எந்தச் சட்டையைப் போடுவது, மெயிலை எப்படித் தொடங்குவது என்று முடிவு செய்ய முடியாது.

'எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம்' என்று இதை எடுத்துக்கொள்பவர்கள் நிறைய. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஒருவர் இன்ஃபார்மல் என்று சொல்லும்போது, வழக்கமான நடைமுறைகளில் ஏதோ ஒன்றிரண்டை இந்த முறை விட்டுவிடலாம் என்கிறார். மீதி எல்லாம் அப்படியே இருக்கும். எதை விட்டிருக்கிறார்கள், எது மிச்சம் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் இந்தச் சொல்லைக் கேட்டுத் தடுமாற வேண்டியதில்லை.

முதலில், எந்தச் சொல்லோடு ஒட்டி வருகிறது என்று பாருங்கள்

இன்ஃபார்மல் தனியாக நின்றால் பாதிப் பொருள்தான் தரும். அடுத்து வரும் சொல்தான் மீதியைச் சொல்லும். மீட்டிங் என்று வந்தால், விடப்படுவது நிகழ்ச்சி நிரலும் எழுத்துப் பதிவும். லெட்டர், மெயில் என்று வந்தால், மரபாக எழுதும் நீண்ட தொடர்கள். அக்ரிமென்ட் என்றால் கையெழுத்தும் பத்திரமும். செக்டர், எகானமி என்றால் அரசுப் பதிவும் சட்டப் பாதுகாப்பும். லேர்னிங் என்றால் பாடத்திட்டமும் சான்றிதழும்.

தமிழில் சொல்லும்போதும் இதே கணக்குதான். பள்ளியில் உறவுமுறைக் கடிதம், அலுவலகக் கடிதம் என்று படித்திருப்பீர்கள். அந்த உறவுமுறைக் கடிதம்தான் ஆங்கிலப் பாடத்தில் இன்ஃபார்மல் லெட்டர். தொழிலாளர்களைப் பற்றிய பேச்சில் 'அமைப்புசாரா' என்போம். மொழியைப் பற்றியது என்றால் 'பேச்சுவழக்கு' பொருந்தும். எல்லா இடத்திலும் 'முறைசாரா'வைப் போட்டால் வாசிப்பவருக்கு ஒட்டாது.

இன்னொரு சின்னக் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். தகவல் சொல்வதைக் குறிக்கும் இன்ஃபார்ம் என்ற சொல்லோடு ஒலி ஒத்துப்போவதால், 'இன்ஃபார்மலா சொன்னேன்' என்பதைத் 'தகவலாகச் சொன்னேன்' என்று நினைப்பவர்கள் உண்டு. இன்ஃபார்மலில் முன்னால் நிற்கும் 'இன்', எதிர்மறை. ஃபார்மல் ஆக இல்லாதது, அவ்வளவுதான். உச்சரிக்கும்போது அழுத்தம் நடுவில், 'ஃபார்' மேல் விழ வேண்டும்.

மெயிலும் பேச்சும்: அதிகம் தடுமாறும் இடம்

இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தினமும் பலமுறை செய்கிற வேலை இது.

வெள்ளிக்கிழமை லீவு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மேலாளருக்கு மூன்று விதமாக எழுதலாம்.

"ஐ ஆம் ரைட்டிங் டு ரிக்வெஸ்ட் லீவ் ஆஃப் ஆப்சன்ஸ் ஆன் ஃப்ரைடே."

"ஐ'ட் லைக் டு டேக் ஃப்ரைடே ஆஃப், இஃப் தட்ஸ் ஓகே."

"நாட் கமிங் ஃப்ரைடே."

முதலாவது ஃபார்மல். இரண்டாவது இன்ஃபார்மல். மூன்றாவதும் இன்ஃபார்மல்தான் என்று பலர் நினைக்கிறார்கள். மேலாளருக்கு எழுதும்போது அது மரியாதைக் குறைவு. இரண்டாவதில் என்ன நடந்திருக்கிறது என்று கவனியுங்கள். 'ஐ வுட்' என்பது 'ஐ'ட்' என்று சுருங்கியிருக்கிறது. 'ரிக்வெஸ்ட் லீவ் ஆஃப் ஆப்சன்ஸ்' போய் 'டேக் ஃப்ரைடே ஆஃப்' வந்திருக்கிறது. ஆனால் அனுமதி கேட்பது போகவில்லை. 'இஃப் தட்ஸ் ஓகே' என்ற அந்தச் சின்னத் துண்டு, முடிவு உங்கள் கையில்தான் என்று அவரிடம் சொல்கிறது. மூன்றாவதில் அந்தக் கேட்பும் சேர்ந்து போய்விட்டது.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இது ஏன் தனியாகக் கஷ்டமாக இருக்கிறது என்றால், நம் மொழியில் மரியாதை வினைச்சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. "ரிப்போர்ட்டை அனுப்புங்க" என்று சொன்னால், எவ்வளவு சகஜமாகச் சொன்னாலும் அந்த 'ங்க' மரியாதையைக் காப்பாற்றிவிடும். அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் "செண்ட் த ரிப்போர்ட்" என்று ஆகும். 'ங்க' வழியிலேயே விழுந்துவிடுகிறது. நாம் மரியாதையாகத்தான் சொன்னோம், கேட்டவருக்கு உத்தரவு போட்ட மாதிரி இருக்கும். ஆங்கிலத்தில் நீயும் நீங்களும் ஒரே 'யூ'. அதனால் மரியாதை முழுவதும் கேட்கும் விதத்தில்தான் இருக்கிறது: "குட் யூ செண்ட் த ரிப்போர்ட்?", "வுட் யூ மைண்ட்...", "வென் யூ கெட் எ சான்ஸ்...". எவ்வளவு இன்ஃபார்மலாக எழுதினாலும் இந்த மாதிரி ஒன்று இருக்கட்டும். உங்கள் 'ங்க' இதுதான்.

'சர்', 'ரெஸ்பெக்டட் சர்' என்று வாக்கியத்துக்கு வாக்கியம் சேர்த்தால் மரியாதை கூடும் என்று நினைப்பது இன்னொரு பழக்கம். பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் உள்ள இடத்தில் அது தூரத்தைத்தான் கூட்டும். அங்கே எல்லாரும் பெயர் சொல்லி அழைத்தால் நீங்களும் தாராளமாகச் சொல்லலாம். அதில் அவமதிப்பு எதுவும் இல்லை.

சொல் தேர்வுக்கு ஒரு வரலாறு துணை செய்கிறது. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு, அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு நீண்ட காலம் புழங்கியது. வீட்டிலும் வயலிலும் பழைய ஆங்கிலமே ஓடியது. அதனால் ஒரே பொருளுக்கு இரண்டு சொற்கள் தங்கிவிட்டன. ஆஸ்க் வீட்டுச் சொல், இன்குவையர் அவைச் சொல். ஹெல்ப், அசிஸ்ட். ஸ்டார்ட், கமென்ஸ். இன்ஃபார்மலாக எழுதச் சொன்னால் பெரும்பாலும் இந்த ஜோடிகளில் குட்டையானதை எடுங்கள். 'டோன்ட்', 'கான்ட்', 'ஐ'ல்' போன்ற சுருக்கங்களைத் தயங்காமல் எழுதலாம். 'கன்னா', 'வான்னா' இரண்டையும் மட்டும் வாயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அலுவலக மெயிலில் அவை பொருந்தாது.

தொடக்கமும் முடிவும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். பிரிட்டிஷ் வழக்கப்படி, பெயர் தெரியாமல் 'டியர் சர் ஆர் மேடம்' என்று தொடங்கினால் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி'. பெயர் போட்டு 'டியர்' என்று தொடங்கினால் 'யுவர்ஸ் சின்சியர்லி'. 'ஹாய்', 'ஹலோ' என்று தொடங்கினால் 'பெஸ்ட் ரிகார்ட்ஸ்' அல்லது வெறும் 'தாங்க்ஸ்'. மேலே 'ஹாய்' போட்டுவிட்டு அடியில் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி' போட்டால், கோட்டு போட்டுக்கொண்டு செருப்போடு வந்த மாதிரி இருக்கும்.

சரி, எந்த அளவு இன்ஃபார்மல்? அமெரிக்க மொழியியலாளர் மார்ட்டின் ஜோஸ் 1960களின் தொடக்கத்தில் ஆங்கிலப் பேச்சை ஐந்து படிகளாகப் பிரித்தார். உறுதிமொழி, சட்ட வாசகம் போல ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாதது முதல் படி. மேடைப் பேச்சு, அறிக்கை போன்ற ஃபார்மல் பேச்சு இரண்டாவது. கேள்வியும் பதிலுமாக, ஒருவர் பேச மற்றவர் 'ம்', 'சரி' என்று கேட்டுக்கொண்டே போகும் ஆலோசனைப் பேச்சு மூன்றாவது. நண்பர்களுக்குள் நான்காவது. வீட்டுக்குள், மிக நெருங்கியவர்களோடு ஐந்தாவது. வேலையிடத்தில் "இன்ஃபார்மலா பேசுங்க" என்று சொல்பவர் உங்களை இரண்டாவது படியிலிருந்து மூன்றாவதுக்குத்தான் கூப்பிடுகிறார். நான்காவதுக்கோ ஐந்தாவதுக்கோ அவர் கூப்பிடவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால், கேலி, பட்டப்பெயர், நள்ளிரவு மெசேஜ் எல்லாம் வேண்டுமா வேண்டாமா என்று யோசிக்கவே வேண்டாம்.

நடைமுறையில் ஓர் எளிய வழி இருக்கிறது. முதல் மெயிலை ஒரு படி ஃபார்மலாகவே அனுப்புங்கள். பதில் வரட்டும். அவர் 'ஹாய்' என்று எழுதினால் அடுத்ததில் நீங்களும் 'ஹாய்'. அவர் 'டியர்' என்றே தொடர்ந்தால் நீங்களும் அப்படியே. பதவியில் மூத்தவர் முதலில் இறங்கி வரட்டும், அதற்குள் அவசரம் வேண்டாம். ஃபார்மலாகத் தொடங்கி இறங்குவதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ரொம்ப நெருக்கமாகத் தொடங்கிவிட்டுப் பின்வாங்குவதுதான் இரண்டு பேருக்கும் சங்கடம்.

ஒரு சொல் எந்தப் படியைச் சேர்ந்தது என்று சந்தேகம் வந்தால், கற்பவர்களுக்கான ஆங்கில அகராதிகளைப் பாருங்கள். சொல்லுக்குப் பக்கத்திலேயே இன்ஃபார்மல், ஃபார்மல், ஸ்லாங் என்று குறித்திருப்பார்கள். இன்ஃபார்மல் என்ற குறி இருந்தால் சக ஊழியருக்கு எழுதலாம். ஸ்லாங் என்றிருந்தால், அந்தக் கூட்டத்துக்குள் நீங்கள் நன்றாகப் பழகும்வரை தொடாதீர்கள்.

உடை

இது சீக்கிரம் முடிந்துவிடும், ஒரே ஒரு பொறியைத் தவிர. இன்று அலுவலகத்தில் இன்ஃபார்மல் என்றால் கேஷுவல் என்றுதான் பொருள்: கசங்காத, சுத்தமான, வசதியான உடை. ஆனால் மேற்கத்திய விருந்து மரபில் கதை வேறு. அங்கே வொயிட் டை மிக உயர்ந்த ஃபார்மல். பிளாக் டை அதற்கு அடுத்த படி, செமி ஃபார்மல். அதற்கும் கீழே இருப்பதுதான் இன்ஃபார்மல், அதற்குப் பொருள் கோட்டும் சூட்டும் டையும். ஜீன்ஸுக்கு அங்கே இடமில்லை. அச்சடித்த அழைப்பிதழில் இன்ஃபார்மல் என்று கண்டால், போன முறை மற்றவர்கள் என்ன உடுத்தினார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இன்ஃபார்மல் மீட்டிங்குக்குத் தயாராகப் போங்கள்

ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உறுப்பினர்கள் வெளியாள் இல்லாமல் 'இன்ஃபார்மல் கன்சல்டேஷன்ஸ்' என்று கூடிப் பேசுவார்கள். அதிகாரபூர்வப் பதிவு கிடையாது. 1992-இல் வெனிசுலாவின் தூதராக இருந்த தியேகோ அர்ரியா, போஸ்னியாவிலிருந்து வந்த ஒரு பாதிரியார் சொல்வதை மற்ற உறுப்பினர்களும் கேட்க வேண்டும் என்று நினைத்தார். முறையான கூட்டத்தில் அதற்கு வழியில்லை. அதனால் அவர்களைச் சாதாரணமாக ஓர் இடத்துக்கு வரச் சொல்லிப் பேச வைத்தார். அந்த வழக்கம் 'அர்ரியா ஃபார்முலா' கூட்டம் என்ற பெயரில் இன்றும் தொடர்கிறது. பதிவு இல்லை என்பதால் கனமும் இல்லை என்று அங்கே யாரும் நினைப்பதில்லை. வெளிப்படையாக வாக்களிக்கும் முன்பே, நிலைப்பாடுகள் பெரும்பாலும் இப்படிப்பட்ட அறைகளில்தான் உருவாகின்றன.

உங்கள் அலுவலகத்திலும் அப்படித்தான். "சும்மா அஞ்சு நிமிஷம் பேசலாம்" என்று கூப்பிட்டால், விடப்படுவது நிகழ்ச்சி நிரலும் குறிப்பேடும். உங்களைப் பற்றி அவர் உருவாக்கிக்கொள்ளும் கருத்து அப்படியே இருக்கும். போகும் முன், உங்கள் வேலை எந்த நிலையில் இருக்கிறது, எங்கே உதவி வேண்டும் என்று இரண்டு விஷயங்களை மனதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு முடிந்ததும், ஏதாவது முடிவு எடுத்திருந்தால், இரண்டு வரியில் ஒரு மெயில் போடுங்கள்: "இன்று பேசியபடி, இந்த வேலையை நான் புதன்கிழமைக்குள் முடிக்கிறேன்." பேசியது இன்ஃபார்மல், நினைவு மட்டும் எழுத்தில். அப்புறம் 'நான் அப்படிச் சொல்லவில்லையே' என்ற பேச்சுக்கே இடமில்லை.

நேர்காணலுக்கு முன் 'இன்ஃபார்மல் சாட்' என்று கூப்பிடுவதும் உண்டு. அதை நேர்காணலாகவே எண்ணிப் போங்கள். கேள்விகள் வரிசையாக வராது, குரல் இளகியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். நீங்கள் கேள்வி கேட்கவும் அதில் நிறைய இடமிருக்கும், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

புகார் விஷயத்தில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று மனதார நினைக்கிறேன். பல நிறுவனங்களில் புகாருக்கு இரண்டு வழிகள் இருக்கும். இன்ஃபார்மல் வழியில், மேலாளரிடமோ மனிதவளத் துறையிடமோ சொல்வீர்கள், அவர்கள் பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள். ஃபார்மல் வழியில் எழுத்தில் கொடுப்பீர்கள், விசாரணை, பதில், மேல்முறையீடு என்று நடைமுறை தொடங்கும். இருக்கை, ஷிஃப்ட், ஒரு சொல்லால் வந்த மனத்தாங்கல் போன்றவற்றுக்கு முதல் வழி நல்லது, சீக்கிரமும் முடியும். துன்புறுத்தல், சம்பளப் பாக்கி, பாதுகாப்புக் குறைபாடு போன்றவற்றில், நீங்கள் மனம்விட்டுச் சொன்னது எங்கும் பதிவாகாமல் போக வாய்ப்பு உண்டு. அதனால் சொல்லி முடித்ததும் நேராகக் கேளுங்கள்: "நான் சொன்னது முறையான புகாராகப் பதிவாகுமா? இல்லையென்றால் அதற்கு என்ன செய்ய வேண்டும்?" இப்படிக் கேட்பது உங்கள் உரிமை.

இன்ஃபார்மல் ஒப்பந்தமும் இதே வகை. வாய்மொழியாகப் பேசிய ஒப்பந்தம் பல நாடுகளின் சட்டத்தில் செல்லும். செல்லும் என்பது ஒன்று, நிரூபிப்பது வேறு. சம்பள உயர்வு, வேலை நேர மாற்றம் என்று யாராவது வாயால் உறுதி சொன்னால், நன்றி சொல்லும் சாக்கில் ஒரு மெயிலில் அதை எழுதி அனுப்பிவிடுங்கள்.

செய்தியில் வரும் 'இன்ஃபார்மல் செக்டர்'

மானிடவியலாளர் கீத் ஹார்ட், கானாவின் தலைநகரான அக்ராவில் கூலி வேலையும் சிறு வியாபாரமுமாகப் பிழைப்பவர்களைப் பற்றி 1971-இல் பேசியபோது இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். அடுத்த ஆண்டு, கென்யாவைப் பற்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் அறிக்கை அதை உலகம் முழுவதும் கொண்டுபோனது. அதே அமைப்பு 2018-இல் வெளியிட்ட கணக்குப்படி, உலகில் வேலை செய்பவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல், சுமார் 200 கோடிப் பேர், இந்த வகையில் வருகிறார்கள்.

இங்கே விடப்பட்டிருப்பது பதிவு, ஒப்பந்தம், ஓய்வூதியம், மருத்துவக் காப்பு. உழைப்பில் எந்தக் குறையும் இல்லை. இன்ஃபார்மல் என்பதைச் சட்டவிரோதம் என்று புரிந்துகொள்வதும் தவறு. விற்கும் பொருளும் செய்யும் வேலையும் பெரும்பாலும் சட்டத்துக்கு உட்பட்டவைதான். வேலை செய்பவருக்குத்தான் சட்டத்தின் நிழல் கிடைப்பதில்லை. அந்த நிழலுக்குள் அவர்களைக் கொண்டுவர வேண்டும் என்றுதான் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2015-இல் 204-ஆம் எண் பரிந்துரையை ஏற்றது. மீட்டிங்கோடு வரும்போது இளக்கத்தைக் குறிக்கும் சொல், இங்கே ஒரு பெரிய இழப்பைக் குறிக்கிறது. கட்டுரையிலோ பேச்சிலோ பயன்படுத்தும்போது அந்தக் கனம் தெரிய எழுதுங்கள்.

பக்கத்துச் சொற்கள்

அன்அஃபிஷியல் என்றால் பொறுப்பில் உள்ளவரின் ஒப்புதல் பெறாதது. ஒரு கூட்டம் இன்ஃபார்மலாகவும் அதே சமயம் அஃபிஷியலாகவும் இருக்கலாம்: துறைத் தலைவரே கூட்டியிருப்பார், ஆனால் சுற்றி உட்கார்ந்து பேசுவீர்கள். கேஷுவல் என்பது உடைக்கும் மனநிலைக்கும் அதிகம் வரும். ஒரு வேலையைப் பற்றி 'கேஷுவலா செஞ்சிருக்கார்' என்றால் அக்கறை இல்லாமல் செய்தார் என்ற குறையும் அதில் கேட்கும். ஆஃப் த ரெக்கார்ட் என்றால் வெளியே சொல்லாதே என்று பொருள். இன்ஃபார்மலாகப் பேசியது தானாகவே ரகசியம் ஆகிவிடாது. ரகசியமாக இருக்க வேண்டும் என்றால் அதைத் தனியாகச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கல்வித் துறைக்குப் போகிறவர்கள் மட்டும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே நான்ஃபார்மல் வேறு, இன்ஃபார்மல் வேறு. பள்ளிக்கு வெளியே, ஆனால் திட்டமிட்டு நடத்தும் வகுப்பு நான்ஃபார்மல். திட்டமே இல்லாமல் பார்த்தும் பழகியும் கற்பது இன்ஃபார்மல்.

நீங்களே சொல்லும்போது

புரியாவிட்டால் கேட்பதில் தப்பே இல்லை. "இன்ஃபார்மல் என்றீர்களே, நான் ஏதாவது தயார் செய்து வரணுமா?" என்ற ஒரே கேள்வி போதும். எதிரில் இருப்பவரும் அப்போதுதான் யோசித்துத் தெளிவாகச் சொல்வார்.

கொஞ்ச நாளில் நீங்களும் கூட்டம் கூட்டுவீர்கள், உங்களுக்குக் கீழே ஒருவர் புதிதாக வந்து சேர்வார். அப்போது அழைப்பில் இன்ஃபார்மல் என்று மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். எதை விடுகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்: "குறிப்பு எடுக்கப்போவதில்லை, ஸ்லைடு வேண்டாம். ஆனால் அடுத்த மாத வேலையைப் பற்றிப் பேசப்போகிறோம், உங்களுக்கு இருக்கும் சந்தேகங்களோடு வாங்க."